வேப்பம்பூ சேகரிக்க ஒரு பழைய வேட்டி

பங்குனியில் வேம்பு பூத்ததும் சனிக்கிழமை இரவே மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள், ஞாயிறு காலையில் மண் ஒட்டாத பூவாக அள்ளிவிடலாம். அந்த வேட்டியிலேயே கிழியாத பக்கமாக ஒரு முழம் வெட்டி, இரண்டாக மடித்துப் பையாகத் தைத்து வாயில் நாடா கோத்துக்கொண்டால் அதற்குள் பரப்பிக் காயவைக்கலாம், காற்றில் பறக்காது. மூன்று நான்கு நாள் வெயில் வேண்டும். கையில் எடுத்தால் சலசலக்கணும். போன வருஷம் அவசரப்பட்டு அடைத்து ஒரு டப்பா முழுக்கப் பூஞ்சை பிடித்துப் போச்சு. அப்புறம் ரசத்துக்கு: ஒரு ஸ்பூன் பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகுதான் போட வேண்டும், சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறிவிடும். பொறுக்கி எடுத்த காம்பும் சருகும் ரோஜாத் தொட்டிக்கு மூடாக்கு.