இரண்டு கேமரா, ஆயிரத்துக்கும் மேல் படங்கள்: ஷூட் முடிந்தபின் எதை முதலில் செய்வது?

ஷூட் முடிந்து வந்ததும், நன்றாக வந்திருக்கும் நாலு படத்தைத் திறந்து கலர் திருத்திப் பார்க்கத்தான் கை போகும். அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். படங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டால் எடிட்டிங் கடைசி வேலை. அதற்கு முன்னால் காப்பி செய்வது, நேரத்தைச் சரிசெய்வது, பெயர் மாற்றுவது, சலிப்பது (வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது) என்று நாலு வேலை இருக்கிறது, இதே வரிசையில். இரண்டாவதை ஒருமுறை விட்டுவிட்டு இரண்டு நாள் வேலையை முதலிலிருந்து செய்திருக்கிறேன் என்பதால் அதை மட்டும் நிதானமாக எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது லைட்ரூம் கிளாசிக், படங்களை அடுக்கவும் திருத்தவும் உதவும் மென்பொருள். இலவசமாக வேண்டுமென்றால் டிஜிகேம், டார்க்டேபிள் இரண்டுமே நல்லவை, வேலையின் வரிசை அதிலும் இதுதான்.

காப்பி

கார்டை ரீடரில் போட்டு முழு ஃபோல்டரையும் காப்பி செய்யுங்கள். கட் செய்து ஒட்டாதீர்கள், நடுவில் கேபிள் அசைந்தால் சிக்கல். ஃபோல்டர் பெயர் 2025-03-14 என்பதுபோல ஆண்டில் தொடங்கட்டும், அப்போது பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். உள்ளே கேமராவுக்கு ஒரு தனி ஃபோல்டர். இது எதற்கென்றால், கேமரா பொதுவாகக் கோப்புக்கு நாலு இலக்க எண்தான் தரும், 9999 முடிந்ததும் திரும்ப 0001. ஒரே கம்பெனி கேமரா இரண்டு இருந்தால் ஒரே பெயரில் இரண்டு படம் வர நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது 'ரீப்ளேஸ் செய்யவா' என்று கேட்கும், அவசரத்தில் ஆம் என்று அழுத்தினால் ஒரு படம் போனது போனதுதான். எல்லாம் இரண்டு தனித்தனி டிஸ்கில் வந்து சேரும்வரை கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டாம்.

நேரம்: நான் சறுக்கிய இடம்

ஓட்டப்பந்தயம் ஒன்றை நானும் நண்பரும் ஆளுக்கொரு கேமராவில் எடுத்தோம். இரண்டையும் இம்போர்ட் செய்து (லைட்ரூமுக்குள் கொண்டுவந்து) நேர வரிசையில் போட்டேன், மேலோட்டமாகப் பார்த்தேன், சரி என்று எல்லாவற்றுக்கும் 0001 முதல் புதுப் பெயர் கொடுத்து, சிறிய ஜேபெக்குகளாகப் படம் கேட்டவர்களுக்குத் தேர்வுக்கு அனுப்பியும்விட்டேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது: ஒரு படத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் வீரர், அடுத்த படத்தில் இன்னும் எல்லைக்கோட்டு நாடாவையே தொடவில்லை. இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒன்றாக இல்லை. நேரத்தைத் திருத்தி, திரும்பப் பெயர் மாற்றினேன். அதற்குள் அவர்கள் பழைய எண்களை வைத்து ஒரு நீளமான பட்டியல் அனுப்பியிருந்தார்கள், அதில் ஒரு எண்கூட இப்போது அதே படத்தைக் காட்டவில்லை.

இப்போது செய்வது இதுதான். இரண்டு கேமராவிலும் பதிவான ஒரே கணம் ஒன்றைத் தேடுகிறேன். அன்றைக்கு அது நாடா அறுபட்ட நொடி. என் படத்தில் 4:12:08, நண்பர் படத்தில் 4:18:51. வித்தியாசம் 6 நிமிடம் 43 நொடி. யாருடைய கடிகாரம் சரி என்பது முக்கியமில்லை, ஒன்றை மற்றதோடு பொருத்தினால் போதும்.

லைட்ரூமின் லைப்ரரி பகுதியில் மேலே இருக்கும் ஃபில்டரில் மெட்டாடேட்டாவைத் (படத்தோடு பதிவாகும் கேமரா, நேர விவரங்கள்) திறந்து நண்பர் கேமராவின் படங்களை மட்டும் வடிகட்டுங்கள். இரண்டும் ஒரே மாடல் என்றால் கேமரா சீரியல் எண்ணால் பிரிக்கலாம். 'ஜி' அழுத்தி கிரிட் பார்வைக்கு வந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்யுங்கள். பிறகு அந்த நாடா படத்தின் மேல் ஒரு கிளிக், அதன் கட்டம் மட்டும் மற்றவற்றைவிட வெளிறித் தெரியும். அந்தப் படம்தான் அளவுகோல். மெட்டாடேட்டா மெனுவில் 'எடிட் கேப்சர் டைம்' போய், முதல் தேர்வில் சரியான நேரமாக 4:12:08 கொடுத்தால் மற்றவை எல்லாம் அதே அளவு நகரும். மணிக்கணக்கில் நகர்த்தும் இன்னொரு தேர்வும் அங்கே இருக்கிறது, அதை எடுக்காதீர்கள், அது நேர மண்டலத்தை மாற்ற மறந்தவர்களுக்கானது, நிமிடமும் நொடியும் அதில் வராது. தப்பாகிவிட்டால் வழக்கமான அன்டூ கை கொடுக்காது. அதே மெனுவில் பழைய நேரத்துக்குத் திருப்பும் வழி இருக்கிறது.

இதைவிட நல்லது, அடுத்த முறை ஷூட் தொடங்கும் முன் போனில் நொடி காட்டும் கடிகாரத்தைத் திறந்து, ஒவ்வொரு கேமராவிலும் அதை ஒரு படம் எடுத்துவிடுவது. பத்து நொடி வேலை, எந்தக் கேமரா எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பது அந்தப் படத்திலேயே இருக்கும்.

பெயர், சலிப்பு

நேரம் சரியானபின் தேதி, அதன்பின் வரிசை எண் என்று பெயர் மாற்றுங்கள். ஒரே ஒருமுறைதான், யாருக்காவது எண்ணைச் சொல்லிவிட்டால் அதன்பிறகு தொடவே கூடாது.

சலிக்கும்போது கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டால் 'பி' (வேண்டும்), 'எக்ஸ்' (வேண்டாம்) அழுத்தியதும் அடுத்த படம் தானாக வந்துவிடும். முதல் சுற்றில் நட்சத்திரம் கொடுக்க வேண்டாம். இது மூன்றா நாலா என்று யோசிப்பதிலேயே நேரம் கரைகிறது, நட்சத்திரத்தால் முதல் சுற்றுக்கு ஒரு பயனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பெரிதாக்கி ஃபோகஸ் பார்ப்பதும் இரண்டாம் சுற்றில்தான். அதற்கு முன் 1:1 பிரிவியூக்களை (முழு அளவு முன்னோட்டப் படங்களை) உருவாக்க விட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படமும் தெளிவாகும்வரை காத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் சலிப்பவர் என்றால் ஃபோட்டோ மெக்கானிக் என்ற சலிக்கும் மென்பொருளை வாங்குவது தகும். ரா கோப்புக்குள்ளேயே (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்பு) கேமரா வைத்திருக்கும் ஜேபெக்கை எடுத்துக் காட்டுவதால் அது அவ்வளவு வேகம்.

எடிட்டிங்

படங்களை வெளிச்சம் வாரியாகப் பிரியுங்கள். வெயிலில் எடுத்தவை, நிழலில் எடுத்தவை, உள்ளே விளக்கில் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை மட்டும் முழுதாகத் திருத்துங்கள், முதலில் ஒயிட் பேலன்ஸ், பிறகு எக்ஸ்போஷர். அப்புறம் அந்தக் கூட்டத்தை செலக்ட் செய்து சிங்க், அதாவது அந்தத் திருத்தத்தை மற்றவற்றுக்கும் ஏற்றுவது. இங்கேயும் வெளிறிய கட்டம்தான் ராஜா, திருத்திய படம் அதுவாக இல்லையென்றால் திருத்தாத அமைப்பு திருத்திய படத்தின் மேலேயே ஏறிவிடும். சிங்க் பெட்டியில் க்ராப், மாஸ்க் இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஒரே வெளிச்சத்தில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் மாற்றி மாற்றி எடுத்திருந்தால் 'மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்' வெளிச்சத்தைச் சமன் செய்துவிடும். விலைக்கு வரும் ப்ரீசெட் (முன்பே செய்துவைத்த திருத்த அமைப்பு) மூட்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், உங்கள் கேமராவுக்கும் அந்த வெளிச்சத்துக்கும் செய்ததல்ல அவை.

ஏற்றுமதி செய்யும்போது நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பார்ப்பவர் செயலியைப் பொறுத்து நிறம் செத்துத் தெரியும்.

சேர்த்தது: எடிட் செய்த படங்கள் எல்லாவற்றிலும் ஆச்சரியக்குறி வந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இம்போர்ட்டுக்குப் பின் ஃபோல்டரை லைட்ரூமுக்கு வெளியே நகர்த்தியதால் வருவது அது. ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' மூலம் புது இடத்தைக் காட்டினால் எல்லாம் திரும்பிவிடும். கேட்டலாக்கில் (லைட்ரூமின் பதிவேட்டுக் கோப்பில்) இருப்பது திருத்தங்கள்தான், படங்கள் அல்ல. அதனால் கேட்டலாக்கை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

மறுபடி சேர்த்தது: போன் வீடியோக்கள் பல மணி நேரம் தள்ளி வந்து நிற்கின்றன என்று ஒருவர் கேட்டார். பல போன்கள் வீடியோவின் நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதிகின்றன, படத்தின் நேரத்தை உள்ளூர் நேரத்தில் பதிகின்றன. மேலே வேண்டாம் என்று சொன்னேனே, அந்த மணிக்கணக்குத் தேர்வு இதற்குத்தான் உதவும். ஆனால் உங்கள் நேர மண்டலத்தில் அரை மணியும் சேர்ந்து வந்தால் அதுவும் போதாது, முதல் தேர்வையே எடுங்கள்.