குழு ஆரம்பிக்கலாமுங்களா? முதல் ஆறு மாதத்துக்கான செய்முறை

எங்கள் ஊர்ப் பக்கம் 'குழு' என்றால் இப்போது இரண்டு அர்த்தம். பைக்கில் வரும் பைனான்ஸ்காரர் பத்துப் பெண்களைத் திண்ணையில் உட்கார வைத்துக் கடன் கொடுத்துவிட்டு வாராவாரம் வசூலுக்கு வருவாரே, அது ஒன்று. நாமே காசு சேர்த்து, நமக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிக்கொள்வது இன்னொன்று. நான் சொல்லப்போவது இரண்டாவதை. அரசுக் காகிதத்தில் அதற்கு மகளிர் சுய உதவிக் குழு என்று பெயர். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, பிறகு மாநில அரசின் மகளிர் திட்டத்தின் வழியாக மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது.

"எப்போ அக்கா பேங்க் லோன் வரும்?" என்பதுதான் புதிதாகச் சேருகிறவர்களின் முதல் கேள்வி. ஆறு மாதத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

படி 1: ஆள் சேர்ப்பது

குறைந்தது 12 பேர், அதிகபட்சம் 20 பேர். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் கடனும் ஒரே வீட்டுக்குத்தான் போகும். கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் இருப்பவர்களாகப் பாருங்கள். எங்கள் பக்கம் குழுக்கள் தெருவாரியாகவே பிரிகின்றன, அதற்குள் சாதியும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? முடிந்தால் ஊருக்குள் இருப்பவர்களும் காலனியில் இருப்பவர்களும் சேர்ந்தே தொடங்குங்கள். பிறகு ஊராட்சியிலுள்ள குழுக்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பில் எப்படியும் ஒரே பாயில்தான் உட்காரப் போகிறீர்கள்.

படி 2: முதல் கூட்டம்

நாளும் நேரமும்தான் முதலில் முடிவாக வேண்டும். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். பால் ஊற்றுகிறவர்கள் சாயங்காலம் சொசைட்டிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதனால் ஞாயிறு இரவு ஏழு மணி எங்களுக்குத் தோதாக இருந்தது. கையில் காசு இருக்கும் நாளாகப் பார்த்து வையுங்கள்.

சேமிப்புத் தொகை எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். வாரம் 50 ரூபாய் என்றால் 12 பேருக்கு 600, நாலு வாரத்தில் 2,400. களை வெட்டும் வேலை இல்லாத வாரத்திலும் கட்ட முடிகிற தொகையா என்று, இருப்பதிலேயே வருமானம் குறைந்தவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வசதியானவர் "நூறு போடலாமுங்க" என்பார், மற்றவர்கள் கூச்சத்தில் தலையாட்டுவார்கள். அங்கேதான் குழு ஆட்டம் காணத் தொடங்கும்.

குழுவை முன்னின்று நடத்த ஒரு ஊக்குநர், அவரோடு பொறுப்பில் இருக்க இரண்டு பிரதிநிதிகள், குழுவுக்கு ஒரு பெயர். இவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

படி 3: வங்கிக் கணக்கு

தீர்மான நகல், பொறுப்பாளர்களின் ஆதார், போட்டோ, குழுவின் ரப்பர் ஸ்டாம்ப். இவற்றோடு போனால் குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். பொறுப்பாளர்களின் அடையாளச் சான்று போதும், எல்லா உறுப்பினர்களுடையதும் தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வழி தெரியவில்லை என்றால் கூட்டமைப்பில் கேளுங்கள், இல்லையென்றால் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்துக்குப் போங்கள்.

படி 4: நோட்டு

எங்கள் முதல் குழு உடைந்தது நோட்டில்தான். டவுன் வங்கிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் பிரதிநிதிகளான நாங்கள் இருவரும் பணம் எடுக்கும் சீட்டு நாலில் தொகை எழுதாமலே கையெழுத்துப் போட்டு ஊக்குநரிடம் கொடுத்து வைத்தோம். "கணக்கெல்லாம் எதுக்கு அம்மணி, நமக்குள்ள நம்பிக்கை இல்லீங்களா?" என்ற பேச்சு வேறு. அவர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 4,000 ரூபாய் எடுத்தார், இரண்டு மாதத்தில் திருப்பியும் கட்டிவிட்டார். ஆனால் எடுத்தது நோட்டில் இல்லை. வங்கி பாஸ்புக்கைப் பார்த்த ஒருத்தி கேட்டாள், அடுத்த மாதம் குழு இல்லை. அவரைவிட எங்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு–கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக், இவ்வளவும் வேண்டும். கூட்டம் முடியும் முன் அன்றைய வரவு செலவைச் சத்தமாக வாசியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள்தான் இதைக் கூர்ந்து கேட்பார்கள், போன வாரத் தொகையை மனதிலேயே வைத்திருப்பார்கள். கணக்கு எழுத இன்னொருவரையும் இப்போதே பழக்குங்கள்.

படி 5: உள்கடன்

ஒன்றிரண்டு மாதத்தில் கையில் கொஞ்சம் சேர்ந்ததும் கடன் கொடுக்கத் தொடங்குங்கள். காசை வங்கியில் தூங்க விட்டால் அது உண்டியல், குழு இல்லை.

வட்டியை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய் கடன், மாதம் 500 வீதம் பத்து மாதம். முதல் மாதம் வட்டி 50. அடுத்த மாதம் அசல் 4,500தான் நிற்கிறது, வட்டி 45. அப்புறம் 40. இப்படியே குறைந்து பத்து மாதத்தில் மொத்த வட்டி 275 ரூபாய். அசல் குறைந்தாலும் மாதம் 50 என்றே வாங்கினால் 500 ஆகிவிடும். வெளியே கடன் வாங்கும்போதும் 'நிற்கிற அசலுக்கு வட்டியா, எடுத்த அசலுக்கு வட்டியா' என்று கேளுங்கள். வித்தியாசம் ஏறக்குறைய இரு மடங்கு.

யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யாதீர்கள், அது குலுக்கல் சீட்டுப் பழக்கம். பள்ளிக்கூடப் பீஸ், வைத்தியம், மாட்டுத் தீவனம் என்று தேவையைச் சொல்லட்டும், எல்லோரும் பேசி முடிவெடுக்கட்டும். யாராவது தவணை தவறினால் கூட்டத்திலேயே கேளுங்கள். வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட வேண்டாம். அதற்குத்தான் பைக்கில் வரும் பைனான்ஸ்காரர் இருக்கிறாரே.

படி 6: தர மதிப்பீடும் வங்கிக் கடனும்

ஆறு மாதம் ஆனதும் குழுவைத் தரம் பார்ப்பார்கள். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டியது, கணக்குப் புத்தகம் என்ற ஐந்தையும்தான் புரட்டுவார்கள். இதுவரை சொன்னதைச் செய்திருந்தால் தனியாகத் தயாராக ஒன்றுமில்லை. முந்தின நாள் இரவு உட்கார்ந்து ஆறு மாத நோட்டை ஒரே பேனாவில் எழுதிய குழுக்களும் உண்டு. அதிகாரிகளுக்கு அது தெரியாமல் போகாது.

வங்கிக் கடன் 10 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது, குழுவின் சேமிப்பை முடக்கியும் வைக்கக்கூடாது. இதுவும் ரிசர்வ் வங்கி விதிதான். கடன் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

3 லட்சம் வந்தால் 12 பேருக்கும் தலைக்கு 25,000 என்று பங்கு போட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வேண்டாதவளும் வாங்கித் தன் பங்கை நாத்தனாருக்குக் கொடுப்பாள். நாத்தனார் கட்டாவிட்டால் இவள் முழிப்பாள், குழுவும் முழிக்கும். விண்ணப்பம் போடும் முன்பே யாருக்கு எவ்வளவு, எதற்கு, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். "எனக்கு இந்தத் தடவை வேண்டாமுங்க" என்று சொல்கிறவர் பெயரையும் அதிலேயே எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.