ஒன்பதாவது கணக்கு முழுப் பரீட்சை: அந்த 16 மார்க்கை மொதல்ல பிடிங்க

எங்க ஊரு குடமுருட்டிக் கரை. ஜனவரி 28ல மேட்டூரை மூடுனா ஜூன் 12 வரைக்கும் (அதுவும் அணையில தண்ணி இருந்தாத்தான்) ஆத்துல வெறும் மணல்தான், பயலுவளுக்கு அதுதான் ஸ்டேடியம், பந்து கண்ணுக்குத் தெரியாம போற வரைக்கும் ஆட்டம். சரியா அந்த நேரத்துலதான் முழுப் பரீட்சை வரும், வீட்டுல உளுந்து எடுக்குற வேலை இருக்கும், மாரியம்மன் கோயில் மைக்செட் வேற. விளையாடாதன்னு நான் சொல்லப்போறதில்ல, சொன்னாலும் கேக்க மாட்டானுவ. திண்ணையில ட்யூஷன் எடுக்குறவன்ங்கிற முறையில ஒன்னே ஒன்னு சொல்றேன், கணக்கைப் பாத்து பயப்படுறவங்க அல்ஜீப்ராவுல ஆரம்பிக்காதீங்க, வரையுறதுல ஆரம்பிங்க.

மொதல்ல அரையாண்டு கேள்வித்தாளைத் தேடி எடுங்க. பெரும்பாலும் பத்தாவது பப்ளிக் மாதிரியேதான் இருக்கும்: ஒரு மார்க் 14, ரெண்டு மார்க் 10, அஞ்சு மார்க் 10, கடைசில எட்டு மார்க் 2. அந்தக் கடைசி ரெண்டுதான் வடிவியலும் கிராஃபும். 16 மார்க் ஆச்சா? இதுல பயிற்சிக் கணக்குல இருக்குற நம்பர் மாறும், செய்யுற வேலை மாறாது.

அடுத்து பாக்ஸைத் திறங்க. காம்பஸ் ஸ்க்ரூ லூசா இருந்தா இன்னிக்கே டைட் பண்ணுங்க, பாதி வட்டத்துல கால் விரிஞ்சா தொடங்குன இடத்துல கோடு வந்து சேராது. பென்சில் சின்னதா, நல்லா கூரா இருக்கணும்.

இப்ப ஒன்னு போட்டுப் பாப்போம். முக்கோணத்துல AB 5 செ.மீ, BC 6, AC 7, சுற்றுவட்டம் (மூனு முனையையும் தொட்டுக்கிட்டு போற வட்டம்) வரையணும்.

ஓரமா ஒரு உதவிப்படம், கையாலயே, அளவைக் குறிச்சு. இதுக்கும் மார்க் உண்டு, நான் படிக்கும்போது இதைப் போடாம விட்டுட்டு, படம் அச்சு மாதிரி இருக்கே ஏன் குறைச்சாங்கன்னு ரெண்டு நாள் சண்டை போட்டவன்.

அப்புறம் BC 6 செ.மீ கோடு. B-யில காம்பஸ் முள்ளை வச்சு 5 செ.மீ வில், C-யில வச்சு 7 செ.மீ வில், வெட்டுற இடம் A. சேத்தா முக்கோணம் ரெடி. இனிமேதான் மையக்குத்துக்கோடு, அதாவது ஒரு பக்கத்தை நட்ட நடுவுல செங்குத்தா வெட்டுற கோடு: BC-ல பாதிக்கு மேல, ஒரு 4 செ.மீ எடுத்துக்குங்க, B-லேந்து மேலயும் கீழயும் வில், அளவை மாத்தாம C-லேந்தும் அதே மாதிரி. ரெண்டு வெட்டையும் சேத்து கோடு இழுங்க. பாதிக்குக் கம்மியா எடுத்தா வில்லு ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது, பாதிப்பேரு மாட்டுறது இங்கதான். AB-க்கும் இதே வேலை. ரெண்டு கோடும் வெட்டுற இடம் S. S-ல முள், A-ல பென்சில், சுத்துனா B, C ரெண்டையும் தொட்டுக்கிட்டு போகும். ஆரத்தை அளந்து பாருங்க, சுமாரா 3.6 செ.மீ வரணும், 4 வந்தா எங்கயோ காம்பஸ் நகந்துடுச்சு, அழிச்சுட்டு மறுபடி போடுங்க. விரிகோண முக்கோணம் குடுத்தா S வெளிய போய் விழும், அது தப்பில்ல, பதறாதீங்க.

தினம் ஒரு படம், வேற வேற அளவு, பத்து நாள். செங்கோட்டு மையம், உள்வட்ட மையம், நடுக்கோட்டு மையம் எல்லாத்தையும் சுத்தி வந்துடலாம்.

கிராஃப் இதைவிட ஈஸி. y = 2x + 1 ன்னா x-க்கு −1, 0, 1 போட்டா y −1, 1, 3. மூனு புள்ளியும் ஒரே நேர்கோட்டுல வரலன்னா அட்டவணைலயே தப்பு, ஸ்கேலை வளைச்சுப் பிடிக்காதீங்க. அளவுத்திட்டத்தை மேல ஓரத்துல எழுதணும், அச்சுக்குப் பேரு எழுதணும், மறக்குறது இது ரெண்டைத்தான்.

ஒரு மார்க்குக்கு புக் பேக் போதும், ஆனா (அ), (ஆ) ன்னு மட்டும் எழுதாம விடையையும் சேத்து எழுதுங்க.

போன வருஷம் ஒரு பய ஆத்து மணல்லயே மூனு ஸ்டம்ப நட்டு, கயித்தைக் கட்டி சுற்றுவட்டம் போட்டான், மூனு ஸ்டம்பையும் தொட்டுக்கிட்டு அப்படி வந்துச்சு. பரீட்சையிலயும் படம் சரியாத்தான் போட்டிருந்தான். உதவிப்படம் எங்கடான்னு கேட்டேன், தலையைச் சொறியுறான்.