கரையில் நின்றே திமிங்கலம் பார்ப்பது எப்படி?

படகில் ஏறினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். சரி, கரையிலிருந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். முதல் இரண்டு நாள் காலையும் கடலைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மட்டும் "அதோ, அதோ" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள்தான் தப்பு எங்கே என்று பிடிபட்டது. அவசரக்காரர்கள் நேரே படி 4-க்குப் போங்கள்.

படி 1: இடமும் மாதமும்

இரண்டு வகைக் கரைகள் தோதானவை. ஒன்று, கடலடிப் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே வரும் இடம். நியூசிலாந்தின் கைகோரா, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா, இலங்கையின் திருகோணமலை எல்லாம் அப்படித்தான். இன்னொன்று, திமிங்கலங்கள் குட்டி ஈன ஒதுங்கும் விரிகுடா. தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை தெற்கத்திய ரைட் திமிங்கலங்கள் வருகின்றன. வந்ததும் கெல்ப் கடற்பாசிக் கொம்பு ஊதிச் சொல்வதற்கென்றே ஆள் வைத்திருக்கும் ஊர் அது! மாதம் தப்பினால் எந்த ஊரிலும் வெறும் கடல்தான்.

படி 2: மேட்டில் ஏறுங்கள்

மணலில் நின்றால் தொடுவானம் சுமார் 4.5 கி.மீ. தூரத்திலேயே முடிந்துவிடும். 30 மீட்டர் உயரக் குன்றில் ஏறினால் அது 20 கி.மீ. வரை விலகிப் போகும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 3: காற்றைப் பாருங்கள்

வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கடற்காற்று கிளம்பும். அலை முகடுகளில் வெள்ளை நுரை உடைய ஆரம்பித்தால் மூட்டையைக் கட்டிவிடலாம், ஏனென்றால் ஒவ்வொரு நுரையும் திமிங்கலம் போலவே ஏமாற்றும். நான் விடியற்காலையில் போய்விடுவேன். சூரியன் கண்ணுக்கு நேரே இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

படி 4: தேடும் முறை (நான் கோட்டை விட்டது இங்கேதான்)

பெரிய பைனாகுலர்தான் உசத்தி என்று நினைத்து 20×50 (20 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் அகலம் 50 மி.மீ.) ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கை லேசாக நடுங்கினாலே கடல் குலுங்கியது. அதைவிடப் பெரிய தொல்லை, பார்வை அகலம். 1 கி.மீ. தூரத்தில் 8×42 ஏறக்குறைய 130 மீட்டர் அகலத்தைக் காட்டும். என்னுடையது அதில் பாதிகூடக் காட்டவில்லை. கதவு இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்த கதைதான். 8×42 அல்லது 7×50 போதும். ட்ரைபாட் எல்லாம் அப்புறம்.

நான் தேடிய பொருளும் தப்பு. கறுப்பாய் ஒரு முதுகு எழும்பும் என்று காத்திருந்தேன். தூரத்தில் முதலில் தெரிவது மூச்சு. குளிர்காலக் காலையில் நம் வாயிலிருந்து புகை வருமே, அதே சங்கதி பெரிய அளவில். இரண்டு மூன்று விநாடி நின்று காற்றில் சாய்ந்து கரையும். அலை நுரை தண்ணீரோடு தண்ணீராய்ப் படுத்துவிடும். மூச்சு மட்டும் நிமிர்ந்து நிற்கும்.

முதலில் வெறுங்கண்ணால் தொடுவானம் வரை மெதுவாகப் பாருங்கள். பிறகு பைனாகுலரில், தொடுவானம் வட்டத்தின் மேல் பகுதியில் இருக்கும்படி பிடித்து, ஒரு இடத்தில் நாலைந்து விநாடி நின்று, பிறகு அடுத்த இடத்துக்கு நகருங்கள். நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் பின்னால் ஒரு மூச்சு எழுந்து அடங்கியிருக்கும்.

மூச்சு தெரிந்தால் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். கண் அங்கேயே இருக்கட்டும், பைனாகுலர் கண்ணுக்கு வரட்டும். தவறவிட்டாலும் கவலை வேண்டாம், பெரும்பாலும் ஒரே மூச்சோடு போய்விடாது. சில முறை மூச்சு விட்டுவிட்டுத்தான் ஆழத்துக்கு இறங்கும். வால் முழுதாக மேலே தூக்கினால் ஆழமான முக்குளிப்பு என்று அர்த்தம். ஸ்பெர்ம் திமிங்கலம் என்றால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம், போய்த் தேநீர் குடித்துவிட்டே வரலாம்.

படி 5: மூச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பது

இங்கிலீஷ் 'வி' எழுத்து போல இரண்டாகப் பிரிந்தால் ரைட் திமிங்கலம். முன்பக்கமாக, இடப்புறம் சாய்ந்து வந்தால் ஸ்பெர்ம். தென்னை போல நெட்டுக்குத்தாக, 9 மீட்டர் அளவுக்கு எழுந்தால் நீலத் திமிங்கலமாக இருக்கலாம். காற்று அடித்தால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பும்.

பின்சேர்க்கை: "பைனாகுலரில் ஓரமெல்லாம் கறுப்பாக வருகிறது" என்று கருத்துப் பெட்டியில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மூவருமே கண்ணாடி போடுபவர்கள். கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே மடித்து (அல்லது திருகி) இறக்கிவிடுங்கள். நான் கண்ணாடி போடுவதில்லை, அதனால் இது தோன்றவே இல்லை.

இன்னொரு பின்சேர்க்கை: இரண்டு வட்டமாகத் தெரிகிறது என்றால், நடுக் கீலை மடித்து விரித்து ஒரே வட்டமாகும் வரை சரிசெய்யுங்கள். இதை வீட்டு மாடியிலேயே, தூரத்து மரத்தைப் பார்த்துப் பழகிவிட்டுப் போங்கள்.