சென்னை வீட்டில் கொசுவை ஒழிக்க: எந்தக் கொசு என்று முதலில் பாருங்கள்

தெருவில் புகை மருந்து அடித்துவிட்டுப் போனால் அன்று சாயங்காலம் கொசு குறைந்த மாதிரி இருக்கும். நாலைந்து நாளில் பழையபடி மொய்க்கும். புகை மருந்து பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தண்ணீருக்குள் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது. சென்னைச் சூட்டில் முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள் விடாமல் தண்ணீரைத் தேடிப் போவதுதான் உண்மையான கொசு ஒழிப்பு. எந்தத் தண்ணீரைத் தேடுவது என்பது கடிக்கிற கொசுவைப் பொறுத்தது.

பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாயும் முன்பும், கணுக்காலைச் சுற்றி வந்து கடிக்கிறதா? காலில் வெள்ளை வரிகள் இருக்கின்றனவா? அது ஏடிஸ். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புவது இதுதான். நல்ல தண்ணீரில் முட்டையிடும். பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டரைத் தாண்டிப் பறக்காது. அதாவது உங்களைக் கடிக்கும் ஏடிஸ் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்தது. கூவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரவில் காதோரம் ரீங்காரமிடும் பழுப்புக் கொசு க்யூலெக்ஸ். சாக்கடை, செப்டிக் டேங்க், பக்கிங்ஹாம் கால்வாய் போன்ற அழுக்குத் தண்ணீர்தான் இதன் வீடு. யானைக்கால் நோயைப் பரப்பும். சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்பது அனாஃபிலிஸ். நகரத்து மலேரியாவுக்குக் காரணமான இந்த இனம் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். மூடியைத் தட்டாமல் மெதுவாகத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் நீர்ப்பரப்பைப் பாருங்கள். அசைவோ நிழலோ பட்டதும் புழுக்கள் அடியில் போய்விடும். ஓரிரு நிமிடம் காத்திருந்தால் மூச்சு வாங்க மேலே வரும். தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ். நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்த வாக்கில் மிதந்தால் அனாஃபிலிஸ். மூடி நன்றாக இருந்தும் புழு வருகிறதென்றால் ஓவர்ஃப்ளோ குழாயைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது திறந்தே கிடக்கும். நைலான் கொசுவலைத் துண்டைக் குழாயின் வாயில் போட்டு கிளாம்ப் வைத்து இறுக்கினால் போதும். பிளாஸ்டிக் தொட்டியின் மூடி வெயிலில் வளைந்து இடைவெளி விட்டிருந்தால் கல்லை வைத்துச் சமாளிக்க வேண்டாம், மூடியை மாற்றிவிடுங்கள்.

லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டிரம்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே நிரப்பினால் பயனில்லை. ஏடிஸ் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் மிளகுப்பொடித் துகள் போலக் கறுப்பாக முட்டைகளை ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அவை பல மாதம் உயிரோடிருக்கும். தண்ணீர் மேலேறித் தொட்டதும் பொரியும். ஆகவே வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து, சோப்பும் தேங்காய் நாரும் போட்டு உட்சுவரை, முக்கியமாக நீர் நின்ற கோட்டை அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். புழுத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். காய்ந்த மண்ணிலோ சுடுகிற மொட்டை மாடியிலோ ஊற்றினால் சீக்கிரம் வற்றிப் புழு செத்துவிடும். மறுபடி நிரப்பியதும் டிரம்மின் வாயில் துணியை இழுத்துக் கட்டுங்கள். துணி தொய்ந்து தண்ணீரில் பட்டால் அந்த ஈரத்திலேயே முட்டையிடும்.

மாநகராட்சி ஊழியர் தொட்டியில் விடும் மருந்து பெரும்பாலும் புழுவைக் கொல்லும் டெமிபாஸ். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதால் அளவை அவர்களிடமே விடுங்கள். தினம் இறைத்து நிரப்பும் தொட்டியில் அது சீக்கிரம் நீர்த்துப்போகும். மருந்து விட்டாயிற்று என்று தேய்ப்பதை நிறுத்தக் கூடாது.

செப்டிக் டேங்க் காற்றுக்குழாயை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இரவில் வீடு முழுக்கக் கொசு வருவதற்குப் பல இடங்களில் அந்த ஒரு குழாய்தான் காரணம். வாயில் நைலான் வலையை இரண்டு மடிப்பாகப் போட்டு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இரும்பு வலை அந்த வாயுவில் துருப்பிடித்து உதிரும். நைலானும் வெயிலில் நைந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் மழைக்கு முன், செப்டம்பரில் மாற்றிவிடுங்கள். டேங்க் மூடியின் விளிம்பில் விரிசல் இருந்தால் சிமெண்ட் பூசுங்கள். சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவுவதால் கொசு குறையாது.

மழைநீர் சேகரிப்புக் குழியில் மண் படிந்தால் தண்ணீர் இறங்காமல் வாரக்கணக்கில் நிற்கும். மேல் அடுக்குக் கூழாங்கல்லை எடுத்துக் கழுவி, படிந்த சேற்றை வாரிவிட்டுத் திரும்பப் போடுங்கள். பழைய கிணறு இருந்தால் வலை போட்டு மூடி, ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்புக்கு புழுவைத் தின்னும் கப்பி மீன் 5 முதல் 10 விடுங்கள். குளோரின் கலந்த தண்ணீரில் மீன் தாங்காது.

மற்ற இடங்களில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது சில நிமிட வேலை: ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, ஏசி தண்ணீர் வாளி, ஏர்கூலர், மணிபிளான்ட் பாட்டில், தொட்டிச் செடியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், டயர், கொட்டாங்குச்சி, சன்ஷேடில் இலை அடைத்த வடிகுழாய். பூட்டிய வீட்டிலோ கட்டுமான இடத்திலோ தண்ணீர் தேங்கினால் மாநகராட்சிப் புகார் எண் 1913-ஐ அழையுங்கள். கொசு வளர விடும் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கடியைத் தடுப்பதில் இரவு வலை மட்டும் போதாது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும், ஏடிஸ் பகலில் கடிப்பதால். கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் அது ஒளிந்திருக்கும். ஸ்பிரே அடித்தால் அங்கே அடியுங்கள். அடைத்த அறையில் கொசுவத்தி ஏற்றாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறெதுவும் சொந்தமாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் டெங்குவில் ரத்தக் கசிவை மோசமாக்கும். டெங்குவா என்று பார்க்க, முதல் 5 நாளுக்குள் என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை. அதற்குப் பிறகு ஐஜிஎம் என்ற ரத்தப் பரிசோதனை. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது, பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாளுக்குள். விடாத வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், சோர்ந்து கிடத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று காட்டும் ஹீமோட்டோகிரிட்டையும் கேளுங்கள். வீட்டில் இருக்கும்வரை ஓஆர்எஸ், இளநீர், கஞ்சி, மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் மலேரியா ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். வைவாக்ஸ் வகை மலேரியா என்றால் மருத்துவர் தரும் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாளும் சாப்பிட வேண்டும். கிருமி கல்லீரலில் தங்கும் என்பதால் நடுவில் நிறுத்தினால் மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள்ளேயே படுக்கவையுங்கள். அவரைக் கடிக்கும் ஏடிஸ் ஒன்றிரண்டு வாரத்தில் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு டெங்குவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.