மைனஸும் மைனஸும் பிளஸ்தானா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டு மேசையில்தான் பேத்தியின் கணக்குப் பாடம் நடக்கும். இங்கே கிரேடு 8-இல்தான் எதிர்ம எண்களைப் பெருக்கக் கற்றுத் தருகிறார்கள். போன வாரம் நோட்டில் −3 − 5 = 8 என்று எழுதி வைத்திருந்தாள். கேட்டால், "மைனஸும் மைனஸும் பிளஸ்தானே ஆயா!"

வம்பே இந்த வாய்ப்பாட்டில்தான். அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மட்டும். 3 ராண்ட் கடன் இருக்கும்போது இன்னும் 5 ராண்ட் கடன் வாங்கினால் கடன் 8 ஆகும். கையில் காசு முளைக்காது. பிள்ளைகளிடம் இதை மொட்டையாகச் சொல்லாதீர்கள். 'எதிரிக்கு எதிரி நண்பன்' என்பதும் வேண்டாம். மனதில் நிற்கும், காரணம் சொல்லாது.

கடன் உவமையும் ஓரிடத்தில் சறுக்கும். இந்தியக் கணித மேதை பிரம்மகுப்தர் கி.பி. 628-இலேயே எதிர்ம எண்ணைக் கடன் என்றும் நேர்ம எண்ணைச் செல்வம் என்றும் சொல்லி, கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்று விதி எழுதினார். அப்படியே சொன்னால், கடனைக் கடனால் எப்படிப் பெருக்குவது என்று பிள்ளை கேட்கும். நியாயம்தானே? ஒன்று அளவு, மற்றது எத்தனை தடவை என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

நான் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். டர்பனில் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாட்களுக்காக வைத்த ஜோஜோ என்கிற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி அங்கே இருக்கிறது. கறிவேப்பிலைக்குக் குழாயைத் திறந்துவிட்டால் மணிக்கு 20 லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அது −20. இன்னும் 3 மணி நேரம் போனால் −60. சரி, 3 மணி நேரத்துக்கு முன்பு? நேரம் −3. அப்போது இப்போதைவிட 60 லிட்டர் கூடத்தான் இருந்திருக்கும்.

"ஓ, பின்னால போனா நிறையுது" என்றாள்.

தொட்டியெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு: 5-ம் −5-ம் சேர்ந்தால் 0. அதை −3 ஆல் பெருக்கினாலும், அதாவது −3 × (5 + (−5)) என்றாலும், 0. அடைப்பை விரித்தால் −3 × 5 என்பது −15. அதோடு −3 × −5 சேர்ந்து 0 வர வேண்டும். 15-ஐ விட்டால் வேறு எண்ணே இல்லை.

பரீட்சையில் மதிப்பெண் போவதும் அடைப்பில்தான். 10 − 2(7 − 3)-ஐ விரிக்கும்போது 10 − 14 − 6 என்று எழுதிவிடுவார்கள். 10 − 14 + 6 தான் சரி. அடைப்புக்குள்ளே முதலில் கழித்துப் பார்த்தாலும் அதே 2 வரும்.

அப்புறம் வர்க்கம். −3² என்றால் −9. (−3)² என்றால்தான் 9. இதற்காக அவள் அரை மணி நேரம் கால்குலேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.