ஓமனுக்கு முதல் பயணம்: புறப்படும் முன்னும் போய்ச் சேர்ந்த பின்னும்

வளைகுடா நாடுகளில் சுற்றிப் பார்க்க மட்டுமே செல்வோருக்கு ஓமன் நல்ல தேர்வு. சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் அங்கே ஒரு நாளின் நடையை வெயிலும் தொழுகை நேரமுமே தீர்மானிக்கின்றன என்பதால், அவ்விரண்டையும் ஒட்டித் திட்டமிடுவதே முதல் வேலை.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை ஏற்ற காலம். கோடையில் விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் குறைகின்றனவே என்று ஜூனில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே கடலோரத்தில் உள்ள குரியாத்தில், 2018 ஜூன் 26 அன்று இரவிலும்கூட வெப்பம் 42.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவில்லை. கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் தெற்கே சலாலாவுக்குச் செல்லலாம். தென்மேற்குப் பருவக்காற்று அப்பகுதியைத் தொடுவதால் ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை அங்கே தூறலும் பசுமையும் இருக்கும். ரமலான் மாதம் எப்போது வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதும், தண்ணீர் குடிப்பதும், புகைப்பதும் சட்டப்படி குற்றமாகும். நோன்பு இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும்.

படி 2: ஆவணங்களும் பெட்டியும்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக இருக்க வேண்டும். விசாவுக்கு ராயல் ஓமன் போலீஸின் இணையதளத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை அவற்றின் உறையோடும் மருத்துவரின் சீட்டோடும் வையுங்கள். கோடீன், டிராமடால் போன்றவை கலந்த வலி மருந்துகளும் இருமல் மருந்துகளும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நம் வீட்டுச் சமையல் பொடிகளைக் கட்டும்போது கசகசாவைத் தவிர்த்துவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அதற்குத் தடை இருப்பதால், துபாய் வழியாகச் செல்வோர் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்.

ஆடை எளிது: தோளும் முழங்காலும் மறையும்படியான தளர்ந்த பருத்தி உடைகள். பெண்கள் ஒரு துப்பட்டாவைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டால், மசூதிக்குள் செல்லும்போது தலைமுடியை மறைக்க உதவும்.

படி 3: ஒரு நாளை வகுத்தல்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிற்பகல் 12.30 முதல் 3.30 வரை வெட்டவெளியில் தொழிலாளர்களை வேலை வாங்க அந்நாட்டுச் சட்டம் தடை விதிக்கிறது. மற்ற மாதங்களில் போகும் பயணியும் அந்த நேரத்தை அறைக்குள் கழிப்பதே அறிவுடைமை. மஸ்கட்டின் முத்ரா சந்தையில் பல கடைகள் பிற்பகலில் மூடி மாலையில் மீண்டும் திறக்கும். வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி காலையில் கடைத்தெரு ஓய்ந்திருக்கும், ஆனால் உள்நாட்டு நகரமான நிஸ்வாவின் ஆட்டுச் சந்தை கூடுவது அந்தக் காலையில்தான். மஸ்கட்டில் 2001இல் திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பெரிய மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதோர் வெள்ளி தவிர்த்த நாட்களில் காலை 8 முதல் 11 மணி வரை செல்லலாம்.

சென்னைவாசிகளுக்கு மஸ்கட்டின் கடலோரப் புழுக்கம் பழகியதுதான். உள்நாட்டின் வறண்ட வெயில்தான் ஏமாற்றும்: வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழந்திருக்கிறது என்பது தலைவலி வரும்வரை தெரியாது. தாகம் எடுக்கக் காத்திருக்காமல் சிறிது சிறிதாகக் குடியுங்கள்; ஓஆர்எஸ் பொட்டலங்கள் சிலவும் கையில் இருக்கட்டும்.

படி 4: மனிதர்களோடு பழகுதல்

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஒருவர் சொன்னால் "வ அலைக்கும் ஸலாம்" என்று பதில் சொல்லுங்கள். எதிர்ப்பாலரிடம் கை குலுக்க நீங்களாகக் கை நீட்டாமல், அவர் நீட்டினால் மட்டும் குலுக்குங்கள். இல்லையெனில் வலக்கையை மார்பில் வைத்துத் தலையசைப்பது போதுமானது. விருந்தினருக்குப் பேரீச்சம்பழமும், ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்னும் காபியும் தருவார்கள். வலக்கையால் வாங்குங்கள், ஒரு கோப்பையாவது குடிப்பதே மரியாதை. பிடியில்லாத அச்சிறு கோப்பையை வெறுமனே திருப்பிக் கொடுத்தால் மீண்டும் நிரப்பித் தருவார்கள் என்பதால், போதும் என்பதற்கு அதை லேசாக இருபுறமும் அசைத்துக் கொடுக்க வேண்டும். யாரையும், குறிப்பாகப் பெண்களை, கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காவல்துறை, இராணுவக் கட்டடங்களைப் படமெடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். சாலையில் கோபத்தில் விரலை நீட்டித் திட்டுவது அங்கே வழக்கு வரை போகும்.

படி 5: வண்டியும் வாதியும்

அங்கே சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். ஜபல் அக்தர் மலைக்கு நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் (4WD) வண்டி இல்லாமல் போனால், பிர்கத் அல் மவ்ஸ் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப் பள்ளங்களில், நாம் நிற்கும் இடத்தில் மழையே இல்லாதபோதும் தொலைவில் மலையில் பெய்த நீர் திடீரென வந்து சேரும். நீர் ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது ஆபத்து மட்டுமன்று, தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தால் அன்றைக்கு வாதிப் பயணத்தைக் கைவிடுங்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 9999.